ஈஸ்டருக்குக் குடும்பத்தோடு லெபனான் சாப்பாடு: மலைநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லெபனான் உணவகத்தில் போய் உட்கார்ந்து, ஆளுக்கொரு மெனுவை விரித்து, "எனக்கு இது, உனக்கு எது" என்று தனித்தனியாகச் சொல்ல ஆரம்பித்தால் அன்றைய சாப்பாடு பாழ். பில் ஏறும், மேசையில் பாதி மிச்சம் கிடக்கும், அப்படியும் இரண்டு பேருக்குப் பசி தீர்ந்திருக்காது. அந்த ஊர்ச் சாப்பாட்டை மேசைக்குச் சொல்ல வேண்டும், ஆளுக்குச் சொல்லக் கூடாது. சின்னச் சின்னத் தட்டுகளாகப் பத்துப் பன்னிரண்டு வகை வந்து நடுவில் நிறையும். எல்லோரும் ரொட்டியைப் பிய்த்து எல்லாவற்றையும் தொட்டுச் சாப்பிடுவார்கள். அதனால் ஆர்டர் சொல்லும் பொறுப்பு ஒருவர் கையில் இருக்க வேண்டும். மற்ற ஏற்பாடெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த ஒருவரைத் தேடி இலங்கை மலைநாட்டில் நாம் அலைய வேண்டியதில்லை. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பதுளை என்று எந்தப் பக்கம் போனாலும் லெபனானில் வீட்டு வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு அக்காவோ சித்தியோ அத்தையோ யாராவது ஒருவருடைய சொந்தத்தில் இருப்பார். 2006 போரின்போது அடித்துப் பிடித்துத் திரும்பியவர்கள், பிறகு மறுபடியும் போனவர்கள் என்று நிறையப் பேர். அந்தச் சமையல் அவர்களுக்குக் கைப்பழக்கம். ஆனால் குடும்பமாக வெளியே சாப்பிடப் போனால் மெனுவை ஆங்கிலம் படித்த பிள்ளையின் கையில்தான் கொடுக்கிறோம். என் சித்தி பெய்ரூட்டில் ஒரு வீட்டில் வேலை பார்த்தவர். தப்பூலே என்ற இலைச் சலாதுத் தட்டு மேசைக்கு வந்ததும் கரண்டியால் ஒரு கிளறு கிளறிப் பார்த்துவிட்டு, "இதுல கோதுமை கூடிப்போச்சு, இல மணம் காணாது" என்று சொல்லிவிடுவார். சொன்னது சரியாகவும் இருக்கும். மெனுவை இப்படிப்பட்டவரிடம் கொடுங்கள். வாசித்துக் காட்டுவது பிள்ளையின் வேலை. முடிவு சித்தியுடையது.

நாளும் நேரமும்

ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்த ஞாயிறிலும் வரலாம். 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28. எப்படி வந்தாலும் சித்திரைப் புத்தாண்டுக்குப் பக்கத்தில்தான். புது உடுப்பு, பலகாரம், ஊர்ப் பயணம் என்று அந்த மாதக் காசு ஏற்கெனவே பங்கு போட்டு வைத்ததாக இருக்கும். ஆகவே அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் யார் எவ்வளவு போடுவது என்பதைத் தவக்காலத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். பில் வந்த பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது பெருநாளுக்கு அழகில்லை.

கத்தோலிக்கக் குடும்பமென்றால் ஒரு வசதி உண்டு. சனி இரவு பாஸ்கா திருவிழிப்புத் திருப்பலிக்குப் போய்விட்டால் ஞாயிறு கடமை நிறைவேறிவிடும். மறுநாள் காலை ஆறுதலாகப் புறப்படலாம். மெதடிஸ்ட், அங்கிலிக்கன் குடும்பங்களில் அதிகாலை ஆராதனை முடித்து அப்படியே வண்டியேறுவது வழக்கம். இரண்டுக்கும் பொருந்துகிற நேரம் பகல் ஒரு மணி. அந்த நேரத்துக்கே மேசை கேளுங்கள். இந்தச் சாப்பாடு இரண்டு மணித்தியாலம் இழுக்கும், அதை அவசரப்படுத்தினால் போனதில் அர்த்தமில்லை.

இன்னொன்று. 2019 ஈஸ்டர் ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு இந்தப் பெருநாளில் தேவாலய வாசலில் பைகளைச் சோதிப்பது வழக்கமாகிவிட்டது. ஆராதனை முடித்து நேரே போகிறவர்கள் சாப்பாட்டுப் பெட்டி, பரிசுப் பொதி எதையும் உள்ளே தூக்கிக்கொண்டு போகாமல் ஒரு சின்னக் கைப்பையோடு நின்றால் எல்லோருக்கும் வேலை சுலபம்.

வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏப்ரலில் நுவரெலியா சீசன். கீழ்நாட்டு வாகனமெல்லாம் காலையில் மேலே ஏறும், நாம் அப்போது கீழே இறங்குகிறோம் என்பதால் போகும்போது அவ்வளவு சிக்கலில்லை. நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாகக் கண்டிக்கு மூன்று மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். ஹட்டன் பக்கத்தவர்களுக்குக் கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழி. வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்குக் காலையில் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள், இரண்டு பிஸ்கட் போதும். திரும்பும்போது நான்கு மணிக்கு முன் கிளம்பினால் றம்பொடை மூடுபனியில் மாட்ட வேண்டியிராது.

கடையைத் தேர்ந்தெடுப்பது

ஷவர்மா சுற்றும் கடையெல்லாம் லெபனான் உணவகம் ஆகாது. பெயர்ப்பலகையில் "அராபியன்" என்று இருந்து, உள்ளே மந்தியும் கப்சாவும் பிரதானமாக இருந்தால் அது வேறு ரகம். மந்தி யேமனின் சோறு, கப்சா சவூதி பக்கத்துச் சோறு. இரண்டும் நல்ல சாப்பாடுதான், பெரிய தாம்பாளத்தில் வரும், பகிர்ந்தும் சாப்பிடலாம். ஆனால் நாம் தேடுவது மெஸ்ஸே, அதாவது அந்தச் சின்னத் தட்டு வரிசை. கண்டியிலோ கொழும்பிலோ எங்கே போவதாக இருந்தாலும் முதலில் ஒரு போன் போட்டு இவற்றைக் கேளுங்கள்:

குளிர்ந்த மெஸ்ஸே எத்தனை வகை, சூடானது எத்தனை வகை? ஹும்முஸும் (கடலை மசியல்) ஃபலாஃபெலும் (பொரித்த கடலை உருண்டை) மட்டும் என்றால் விட்டுவிடலாம். எட்டு வகைக்கு மேல் சொன்னால் நம்பிப் போகலாம்.

ரொட்டி அங்கேயே சுடுகிறார்களா? வளைகுடா போய் வந்தவர்கள் குப்பூஸ் என்பார்களே, அதுதான். சூடாக உப்பி வரும் ரொட்டிக்கும் பிளாஸ்டிக் பையில் வந்த ரொட்டிக்கும் வித்தியாசம் பெரிது. எனக்கு இந்த ஒரு கேள்வியே போதும், மீதியை ஊகித்துவிடுவேன்.

ஈஸ்டர் ஞாயிறில் வழக்கமான மெனு உண்டா, அல்லது அன்றைக்கு பஃபே மட்டுமா? பெரிய ஹோட்டல்களில் பெருநாள் பஃபே வைப்பார்கள். அதில் ஒரு மூலையில் ஹும்முஸ் கிண்ணம் இருந்தால் அதை லெபனான் விருந்தென்று எண்ண வேண்டாம். ஆளாளுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பதும் இந்தச் சாப்பாட்டுக்குச் சரிவராது.

மதுபானம் உண்டா? பெரும்பாலான அரபு உணவகங்கள் ஹலால் கடைகள், அங்கே கிடைக்காது. மாமாமார் யாராவது பியர் நினைப்போடு வருகிறார்கள் என்றால் வண்டியேறும் முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே போய் முகம் சுளித்தால் அத்தைக்குத்தான் சங்கடம்.

மேசைக்கு யார் யார்

நம் குடும்பங்களில் எல்லோரும் ஒரே வேதமாக இருப்பதில்லை. அண்ணி வீட்டார் இந்துக்கள், மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். அம்மாச்சி வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, என்றைக்குமே மரக்கறிதான். அதே மேசையில் தவக்காலம் முழுக்கச் சுத்தபோசனம் இருந்துவிட்டு, எப்போது இறைச்சி வரும் என்று காத்திருக்கும் ஒருவரும் உட்கார்ந்திருப்பார். இந்தக் கலவைக்கு லெபனான் மேசையைப் போல ஒத்துவருவது குறைவு. ஏனென்றால் அதன் பாதிக்கு மேல் மரக்கறி.

ஆனாலும் சிலவற்றைக் கேட்டே ஆக வேண்டும். கஃப்தா என்ற அரைத்த இறைச்சிக் கபாப் மாட்டிறைச்சியிலும் செய்வார்கள், ஆட்டிறைச்சியிலும் செய்வார்கள், இரண்டும் கலந்தும் செய்வார்கள். கிப்பேயும் அப்படித்தான்: கோதுமைக் குறுணலும் இறைச்சியும் சேர்த்துப் பிசைந்த கூட்டுக்குள் வதக்கிய இறைச்சியை வைத்துப் பொரிப்பது. மாடா ஆடா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ஹும்முஸ் மேல் இறைச்சித் துண்டு தூவித் தரும் வகையும் உண்டு, "வெறும் ஹும்முஸ்" என்று சொல்லிவிடுங்கள். கடுமையாக மரக்கறி பார்ப்பவர்களுக்கு ஃபலாஃபெலும் கிப்பேயும் ஒரே எண்ணெயில் பொரிகிறதா என்பதும் முக்கியம்.

எள்ளு ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் இன்னும் கவனம். எள்ளை அரைத்த தஹினி ஹும்முஸில் இருக்கிறது, கத்தரிக்காய் முத்தபலில் இருக்கிறது, ஃபலாஃபெலுக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் வெள்ளைச் சோஸிலும் இருக்கிறது. இனிப்புகளில் பிஸ்தாவும் அக்ரூட்டும் நிறைய.

காரத்தைப் பற்றித் தாத்தாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். இந்தச் சாப்பாட்டில் நம் உறைப்பு இல்லை. புளிப்பு, பூண்டு, எண்ணெய், கீரை மணம், இவைதான் ருசி. அதற்காகப் பையில் கட்டச் சம்பல் போத்தல் கொண்டுபோக வேண்டாம். உறைப்பு கட்டாயம் வேண்டுமென்றால் பத்தாத்தா ஹர்ரா சொல்லலாம். பொரித்த உருளைக்கிழங்கில் பூண்டும் கொத்தமல்லியும் மிளகாயும் பிரட்டியது, தாத்தாவுக்கு அது பிடிக்கும்.

ஆர்டர் சொல்லும் முறை

இங்கேதான் நிதானம் தேவை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். மூன்று தவணையாகச் சொல்லுங்கள். முதல் தவணை முடிந்து தட்டுகள் காலியாகத் தொடங்கும்போது அடுத்தது. வெயிட்டரிடமும் "தம்பி, இறைச்சி பிறகு சொல்றோம்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் அவரும் அதற்கேற்ப நடப்பார்.

இரண்டு பிள்ளைகள் சேர்த்து எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்வோம். முதல் தவணைக்குக் குளிர்ந்தவை: ஹும்முஸ் இரண்டு தட்டு, மற்றவை ஒவ்வொரு தட்டு. ஹும்முஸ் மட்டும் ஏன் இரண்டு? மேசையின் இரண்டு முனைக்கும் எட்ட வேண்டும், எல்லோரும் திரும்பத் திரும்பப் போவதும் அதற்குத்தான். முத்தபல் என்பது சுட்ட கத்தரிக்காயைத் தஹினியோடு மசித்தது. பாபா கனூஷ் என்று மெனுவில் தனியாக இருந்தால், லெபனான்காரர் கணக்கில் அது தஹினி சேர்க்காமல் தக்காளி, இலைகள், மாதுளைப் பாகு போட்ட கத்தரிக்காய். இரண்டில் ஒன்று போதும். சுட்ட மணம் தூக்கலாக வேண்டுமென்றால் முத்தபல்.

தப்பூலே கட்டாயம். நறுக்கிய பார்ஸ்லி இலைதான் அதில் பெரும்பங்கு. கோதுமைக் குறுணல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தென்பட வேண்டும். தக்காளி, புதினா, தேசிக்காய்ச் சாறு, ஒலிவ் எண்ணெய். சித்தி கோதுமையைக் குறை சொன்னது இதனால்தான். ஃபத்தூஷ் இன்னொரு சலாது: வெள்ளரி, தக்காளி, சலாது இலையோடு மொறுமொறுப்பாகப் பொரித்த ரொட்டித் துண்டு, மேலே சுமாக் என்ற புளிப்பான சிவப்புத் தூள். பிள்ளைகள் ரொட்டித் துண்டைப் பொறுக்கித் தின்பார்கள், விடுங்கள். லப்னே, நீர் வடித்த கெட்டித் தயிர், ஒரு தட்டு.

இரண்டாம் தவணைக்குச் சூடானவை. இவற்றில் எண்ணிக்கை பார்க்க வேண்டும். ஃபலாஃபெல் ஒரு தட்டில் எத்தனை உருண்டை, கிப்பே எத்தனை, பாலாடைக்கட்டி உருட்டிப் பொரித்த ரகாகாத் எத்தனை என்று கேளுங்கள். ஐந்து உருண்டை வரும் தட்டுக்கு எட்டுப் பேர் கை நீட்டினால் கடைசி உருண்டையை யாருமே எடுக்கமாட்டார்கள், ஆறிப்போய்க் கிடக்கும். தலைக்கொன்று வருகிற மாதிரிச் சொல்லுங்கள். கீரை வைத்த முக்கோண ஃபத்தாயர் இருந்தால் அம்மாச்சிக்காக ஒன்று கூட.

மூன்றாவது இறைச்சி. எட்டுப் பேருக்கு நான்கு பேர் அளவு கலவைக் கிரில் தாராளம். அதில் ஷிஷ் தாவூக் எனப்படும் ஊறவைத்த கோழித் துண்டு, கஃப்தா, ஆட்டிறைச்சித் துண்டு எல்லாம் இருக்கும். மாடு தொடாதவர்கள் இருந்தால் கலவைத் தட்டைத் தவிர்த்து, ஷிஷ் தாவூக் தனியாகவும் ஆட்டிறைச்சி தனியாகவும் சொல்லுங்கள். ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் அவர்கள் கோழியையும் தொடமாட்டார்கள். ஈஸ்டருக்கு லெபனான் கிறிஸ்தவர் வீடுகளிலும் செம்மறி ஆட்டிறைச்சிதான் விசேஷம். மெனுவில் அன்றைக்கென்று ஆடு ஏதாவது உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

சோறு இல்லாமல் சாப்பிட்ட மாதிரியே இல்லை என்று யாராவது நிச்சயம் சொல்வார். அவருக்காகச் சேமியா வறுத்துப் போட்ட லெபனான் சோறு ஒரு தட்டு. அதற்கு மேல் சோறு வேண்டாம். சோற்றில் கை வைத்துவிட்டால் மேசையிலுள்ள மற்றதெல்லாம் கறியாகிவிடும்.

பச்சை இறைச்சியை அரைத்துச் செய்யும் கிப்பே நய்யே சில மெனுக்களில் இருக்கும். பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கும் மேசைக்கு அதைச் சொல்லாதீர்கள்.

சாப்பிடும் முறை

கரண்டி முள்ளுக்கரண்டி எல்லாம் வைத்திருப்பார்கள். அவை சலாதுக்கும் இறைச்சிக்கும். மற்றதெல்லாம் ரொட்டிக்கு. கையால் சாப்பிடுகிறோமே என்ற கூச்சம் நமக்கு இங்கே தேவையே இல்லை. ரொட்டியில் விரலளவு பிய்த்து, கட்டைவிரலுக்கும் இரண்டு விரலுக்கும் நடுவில் மடித்து, தட்டின் ஓரத்திலிருந்து உள்ளே வழித்து எடுக்க வேண்டும். ஹும்முஸ் தட்டைப் பார்த்தால் தெரியும்: கரண்டியின் பின்பக்கத்தால் சுற்றி இழுத்து நடுவில் ஒரு பள்ளம் செய்து அதில் ஒலிவ் எண்ணெய் விட்டிருப்பார்கள். நேரே பள்ளத்தில் தோண்டினால் எண்ணெய் முழுக்க உங்கள் துண்டிலேயே வந்துவிடும். வழித்த துண்டை எண்ணெயில் லேசாகத் தொட்டு வாயில் போடுங்கள். கடித்த துண்டைத் திரும்பத் தட்டில் வைக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

தூம் என்ற வெள்ளைப் பூண்டு சோஸ் கோழியோடு வரும். பூண்டு, உப்பு, எண்ணெய், தேசிக்காய்ச் சாறு, இவ்வளவுதான். நுரைத்துக்கொண்டு நிற்கும். பல ஷவர்மா கடைகளில் மயோனீஸில் பூண்டைக் கலந்து இதே பெயரில் தருகிறார்கள். நாக்கில் வைத்ததும் தெரிந்துவிடும்: தூம் சுரீரென்று ஏறும், மயோனீஸ் வழவழப்பாக இனிக்கும்.

பெரியவர்களுக்கு முதலில் வைப்பது நம் வழக்கம். இந்த மேசையில் தாத்தாவுக்குப் பிறகு சித்திக்கு வையுங்கள். அந்த நாட்டில் இதே பார்ஸ்லியைக் கட்டுக் கட்டாகக் கழுவி, நறுக்கி, மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றவர்கள் பலர். இங்கே அவர் எழுந்து பரிமாறத் தொடங்கினால், அது கைப்பழக்கம், கையைப் பிடித்து உட்கார வையுங்கள்.

ஈஸ்டருக்கென்று இரண்டு விஷயம்

ஒன்று, முட்டை. லெபனானில் கிறிஸ்தவப் பிள்ளைகள் சாயம் போட்ட அவித்த முட்டைகளை ஒன்றோடொன்று மோதி விளையாடுவார்கள். எவருடையது உடையவில்லையோ அவர் வென்றவர். இதை வீட்டிலிருந்தே செய்துகொண்டு போகலாம். ஏழெட்டுப் பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோலைத் தண்ணீரில் அரை மணித்தியாலம் கொதிக்கவிட்டு, ஒரு கரண்டி வினாகிரி சேர்த்து, அந்தச் சாயத்தண்ணீரிலேயே முட்டையை அவித்தால் செங்கல் நிறம் வரும். வெள்ளை ஓட்டு முட்டை கிடைத்தால் பீட்ரூட் சாற்றில் ஊறவைத்து ரோஸ் நிறமும் எடுக்கலாம். நுவரெலியாப் பக்கத்தில் முட்டையை வழக்கத்தைவிட இரண்டு நிமிடம் கூட அவியவிடுங்கள். மேசையில் உடைக்கலாமா என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் நல்லது. பெரும்பாலும் சிரித்துக்கொண்டே ஒரு தட்டு கொண்டுவந்து வைப்பார்கள்.

மற்றது மாமூல். ரவையும் வெண்ணெயும் பிசைந்து, உள்ளே பேரீச்சம்பழமோ பிஸ்தாவோ அக்ரூட்டோ வைத்து, மர அச்சில் தட்டி எடுத்துச் சுடும் பிஸ்கட். லெபனானில் ஈஸ்டர் என்றால் இதுதான் பலகாரம். முஸ்லிம்கள் பெருநாளுக்கும் இதைத்தான் செய்வார்கள். பேரீச்சம்பழம் வைத்து வளையமாகச் செய்வது இயேசுவின் முள்முடியையும், மேடாகச் செய்வது சிலுவையில் அவருக்குக் காடியில் தோய்த்துக் கொடுத்த கடற்பஞ்சையும் குறிப்பதாக அங்கே கிறிஸ்தவர்கள் சொல்வார்கள். நம் ஊர் உணவகங்களில் இது எப்போதும் இருக்காது. மேசை புக் பண்ணும்போதே கேட்டால் சிலர் செய்து வைப்பார்கள். இல்லையென்றால் பக்லாவா என்ற அடுக்கு இனிப்பு போதும், ஆளுக்கு ஒரு துண்டுக்கு மேல் யாராலும் முடியாது.

முடிவில் ஏலக்காய் போட்ட கறுப்புக் கோப்பி சின்னக் கோப்பையில் வரும். அடியில் மண்டி தங்கும், கலக்காதீர்கள், கடைசி மிடறை விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்குப் புதினாவும் தேசிக்காயும் அடித்த பானம்.

பில்

மெனுவில் உள்ள விலை கையில் வரும் பில்லின் விலை இல்லை. பல உணவகங்களில் 10 சதவீதம் சேவைக் கட்டணமும், பதிவு செய்த இடமென்றால் 18 சதவீதம் வற் வரியும் சேரும். மெனுக் கணக்கில் 10,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் சேவைக் கட்டணத்தோடு 11,000, அதன் மேல் வரி போட்டால் 12,980. காசு சேர்க்கும்போது இந்தக் கணக்கிலேயே சேர்க்கவும். சேவைக் கட்டணம் பில்லில் இருந்தாலும், எட்டுப் பேர் மேசையில் இரண்டு மணித்தியாலம் ஓடித் திரிந்த தம்பி கையில் தனியாக ஏதாவது கொடுப்பது நியாயம்.

மிச்சத்தைப் பார்சல் கேட்க வெட்கப்பட வேண்டாம். ரொட்டி, ஃபலாஃபெல், கிரில் இறைச்சி எடுத்துப் போகலாம். மயோனீஸ் சேர்ந்த சோஸ், தயிர் வகை, சலாது ஆகியவற்றை விட்டுவிடுங்கள். மூன்று மணித்தியாலம் வண்டிச் சூட்டில் கிடந்தால் அவை வயிற்றுக்கு ஆகாது. இறைச்சியும் ஐஸ் பெட்டி இருந்தால் மட்டும்.

இறங்கிப் போக முடியாத வீட்டுக்கு

படுக்கையில் ஒரு பெரியவர், கைக்குழந்தை, அல்லது காசு இடம் கொடுக்கவில்லை. எல்லோராலும் கண்டிக்குப் போக முடியாதுதான். அப்படியென்றால் பக்கத்து நகரத்து ஷவர்மா கடையில் சுட்ட கோழியும் குப்பூஸும் வாங்கி, மீதியை வீட்டில் செய்துவிடலாம். கோழியையும் வீட்டிலேயே சமைப்பதென்றால் பௌர்ணமி தினத்தை நாட்காட்டியில் பாருங்கள். ஈஸ்டர் பௌர்ணமியை ஒட்டி வருவதால் போயா விடுமுறையும் அந்த நாட்களில் வரும், அன்றைக்கு இறைச்சிக் கடை பூட்டு.

ஹும்முஸுக்கு 250 கிராம் வெள்ளைக் கடலையை ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா போட்டு இரவு முழுக்க ஊறவையுங்கள். மறுநாள் கழுவி அவிக்க வேண்டும். இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் கடலை மசிய நெடுநேரம் எடுக்கும். பிரஷர் குக்கர்தான் சுலப வழி. விரலால் நசுக்கினால் வெண்ணெயாக மசிய வேண்டும்.

தஹினி கடையில் விலை அதிகமென்றால் வெள்ளை எள்ளு 200 கிராமை மெல்லிய தணலில் நிறம் மாறாமல் வறுத்து, ஆறவிட்டு, மூன்று நான்கு மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெயோடு மிக்ஸியில் கூழாக அரையுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் மணம் எல்லாவற்றையும் மூடிவிடும். கடலையை முதலில் தனியாக அரைத்து, பிறகு இந்தத் தஹினியில் 150 கிராம், இரண்டு தேசிக்காய்ச் சாறு, இரண்டு பல் பூண்டு, உப்பு சேர்த்து, ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு நன்றாக ஓடவிடுங்கள். ஐஸ் தண்ணீர் பட்டதும் வெளுத்து மிருதுவாகும். மேலே ஒலிவ் எண்ணெய் விடுங்கள், இல்லையென்றால் சூரியகாந்தி. தேங்காயெண்ணெய் விட்டால் மலைக்குளிரில் உறைந்து வெள்ளைப் படலமாக நிற்கும்.

லப்னே இதைவிடச் சுலபம். நல்ல தயிரில் உப்புக் கலந்து, மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி, சனி இரவு சமையலறையில் தொங்கவிட்டு அடியில் ஒரு பாத்திரம் வையுங்கள். நம் குளிரில் கெட்டுப்போகும் பயம் குறைவு. காலையில் கெட்டியாகிவிடும். தப்பூலேக்கு வேண்டிய பார்ஸ்லியும் புதினாவும் நுவரெலியாச் சந்தையில் கிடைக்கும். கழுவிய இலையை முழுக்க உலரவிட்டு, கூரான கத்தியால் ஒரே தடவையில் நறுக்குங்கள். மொட்டைக் கத்தியால் திரும்பத் திரும்பக் கொத்தினால் இலை கறுத்துத் தண்ணீர் விடும். தூம் மட்டும் முதல் தடவையே முயல வேண்டாம். எண்ணெய் பிரிந்துவிட்டால் பெருநாள் காலையில் அதோடு மல்லுக்கட்ட நேரம் இருக்காது, கடையில் கேட்டு வாங்குங்கள்.

மறுநாள் திங்கள், வேலை நாள். மிஞ்சிய குப்பூஸ் தோல் மாதிரி விறைத்திருக்கும். அதைச் சின்னச் சதுரமாக வெட்டி எண்ணெயில் பொரித்து, வெள்ளரி, தக்காளி, சலாது இலையோடு தேசிக்காய் பிழிந்தால் பகல் சாப்பாட்டுப் பெட்டிக்கு ஃபத்தூஷ் ஆயிற்று. ரொட்டியைத் தனி டப்பாவில் வைத்து, சாப்பிடும்போது கலந்துகொள்ளுங்கள்.